கூட்டக்குறிப்பு

சபை மண்டபத்தில் என் மேசை
செங்கோலுக்கு மூன்றடி தள்ளி இருந்தது.
ஐந்து வருசம் பென்சில் சீவினேன்.
"ஒழுங்குப் பிரச்சினை, தவிசாளர் அவர்களே."
"கௌரவ உறுப்பினர் அமரவும்."
ஒருநாள் பார்வையாளர் வரிசையில்
ஒரு மனிசி விம்மினாள்.
அடைப்புக்குறிக்குள் "குறுக்கீடு" என்று போட்டேன்.
அழுகைக்கு அந்த முறையில் வேறு சொல் இல்லை.

ஒரு நியதிச்சட்டம் வந்தது,
சிறு குளங்களின் தண்ணீர் பற்றி.
முதல் வாசிப்பில் தலைப்பு மட்டும்,
பிள்ளைக்குப் பேர் சொல்வது போல.
இரண்டாம் வாசிப்பில்தான் சண்டை.
குழுநிலையில் பன்னிரண்டாம் வாசகத்தில்
ஓர் "அல்லது" "மற்றும்" ஆனது,
அதற்கே ஒரு பகல் போய்விட்டது.
மூன்றாம் வாசிப்பில் எல்லாக் கைகளும் எழுந்தன.
பிறகு அது சம்மதத்துக்காக ஆளுநரிடம் போனது.
"போனது":
அதைப்பற்றி நான் எழுதிய கடைசி வினைச்சொல்.

சபையின் காலம் முடிந்தது. தேர்தல் வரவில்லை.
நாற்காலிகளுக்கு வெள்ளைத்துணி போர்த்திவிட்டு
ஒட்டுசுட்டானுக்கு மாற்றலாகி வந்தேன்,
நீர்ப்பாசனக் கந்தோருக்கு.

இன்று முதிரையடிக்குளத்தில் சிறுபோகக் கூட்டம்.
பொதுநோக்கு மண்டபத்தில் மின்விசிறி சுற்றவில்லை.
குளத்தில் ஏழடி தண்ணீர்.
வயல் நூற்றுப்பத்து ஏக்கர்,
தண்ணீர் நாற்பதுக்குத்தான் காணும்.

பூலோகசிங்கம் எழுந்தார்:
"யானை அணைக்கட்டை மிதிச்சு உடைச்சது, ஆற்ற பொறுப்பு?"
"யானை கொழும்பு. கட்டு மாகாணம்" என்றார் உத்தியோகத்தர்.
"அப்ப யானை கட்டில நிக்கேக்க?"
கூரைத்தகடு அதிரச் சிரித்தார்கள்.
எனக்கு மூன்று நிரலும் பாடம்,
ஒதுக்கியது, மாகாணத்தது, ஒருங்கியது.
நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

பிரேரணை: மேல்வாய்க்கால் மட்டும் விதைப்பது.
ஆதரவு இருபத்திரண்டு.
எதிர் பதினேழு என்று எண்ணி முடிக்க
கடைசி வாங்கிலிருந்து இன்னொரு கை எழுந்தது.
கண்ணாடி வளையல் இரண்டு, நகத்தில் சேறு.

"பேர் இடாப்பில இல்லை" என்றார் உத்தியோகத்தர்.
"காணி அவற்ற பேரில" என்றாள் யசோதினி.
"அவரைக் கூப்பிடுங்கோ."
"நானும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறன்,
ரெண்டாயிரத்து ஒன்பதிலயிருந்து.
இருக்கிறார் எண்டும் ஒருத்தரும் எழுதித் தரேல்ல,
இல்லை எண்டும் தரேல்ல.
உழுறது நான். வரம்பு கட்டுறது நான்.
அப்ப இது ஆற்ற கை, சொல்லுங்கோ?"

கையை அவள் இறக்கவில்லை.
எண்ணினாலும் தோற்கும் கை அது,
கணக்குத் தெரிந்துதான் தூக்கியிருந்தாள்.
உத்தியோகத்தர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
பிரேரணை நிறைவேறியது.

"தோத்தது சரி. ஏன் எதிர்த்தன் எண்டும் எழுதுங்கோ"
என்று மேசைக்கு வந்தாள்.
அடைப்புக்குறியைத் தொடங்கிவிட்டிருந்தேன்,
அரைவட்டத்தோடு நிறுத்தினேன்.
அவள் சொன்னதை அவள் சொன்னபடி எழுதினேன்,
கடைவாய்க்கால் மூன்று ஏக்கர்,
போன போகத்துக் கடன்,
கை இறங்காதது வரை.

பிரதி வேண்டுமென்றாள்.
போட்டோக்கொப்பி மிசின் ஒட்டுசுட்டானில்.
கையாலேயே இன்னொருதரம் எழுதினேன்.
நின்றபடி முழுதும் வாசித்தாள்.
"எதிர் பதினேழு" என்ற இடத்தில் விரலை வைத்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.

கந்தோருக்குப் போன தாளில் பதினேழு,
அது போனது.
அவளுடைய தாளில், பென்சிலால், பதினெட்டு.
அதை நாலாய் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு
சைக்கிளை உருட்டினாள்,
முன் சில்லுக்குக் காற்று இல்லை.