வர வேண்டிய காலி

பாலக்கோட்டில் எங்கள் சோடா கம்பெனிக்கு
ஒரு மெஷின், முப்பது கிரேட், ஒரு மூன்று சக்கர வண்டி,
அப்புறம் நான்.
பத்தாவதில் கணக்குக்குத் தொண்ணூற்றியொன்று வாங்கியதால்
பாட்டில் நோட்டு என்னிடம் வந்தது.

நிறைந்தது போனால் சிவப்பு மை.
காலி வந்தால் நீலம்.
உடைசலுக்குத் தனிப் பக்கம்.
கேஸ் ஏறிப்போய் ஒரு பன்னீர் சோடா
அப்பாவின் கையிலேயே வெடித்த அன்று
'உடைசல் 1, தையல் 4' என்று எழுதித்
திட்டு வாங்கினேன்.

கௌஸ் பாய் விடிவதற்குள் கிளம்புவார்.
சர்க்கரை ஆலை கேட்டில் ஒரு கிரேட்.
ராத்திரி ஷிப்ட் முடிந்தவர்கள்
சட்டையெல்லாம் பாகு வாடையோடு நின்று
இனிக்காத சோடாவாகப் பார்த்துக் கேட்பார்கள்.
வெள்ளிச்சந்தையில் அரை கிரேட் கலர்.
ரயில்வே கேட் மூடியிருந்தால்
அங்கேயே நாலைந்து போகும்,
கேட் திறந்ததும் லாரிக்காரர்கள்
பாட்டிலோடு ஓசூர் போய்விடுவார்கள்.
அதற்கும் ஒரு பக்கம் வைத்திருந்தேன்.
தலைப்பு: ஓசூர்.

கடைசியாக மாரண்டஅள்ளி, கெம்பம்மா கடை.
செவ்வாய்க்குச் செவ்வாய் இருபத்துநாலு போகும்,
இருபத்துமூன்று வரும்.
முதல் வாரம் எழுதினேன்: வர வேண்டிய காலி 1.
அடுத்த வாரம் 2.
"என்ன பாய் இது?"
"போன வாரத்துது வர்ற வாரம் தர்றேன்னுச்சு, அக்கவுண்ட் அம்மா."
பன்னிரண்டு ஆனது. இருபது ஆனது.
ஒரு பாட்டிலுக்கு டெபாசிட் மூன்று ரூபாய்;
நான் அப்பாவிடம் சொன்னேன்,
அப்பா பாயிடம் சொன்னார்,
பாய் அவளிடம் சொன்னாரா, தெரியாது.
இல்லை என்று அவள் சொன்னதே இல்லையாம்.
"கொட்தீனி, கொட்தீனி" என்பாளாம் கன்னடத்தில்.
பாய் எனக்கு நடித்துக் காட்டுவார்,
முந்தானையில் கை துடைப்பது வரைக்கும்.

பெரிய கம்பெனி கடைகடையாகச்
சிவப்பு ஐஸ் பெட்டி இறக்கிய வருஷம்,
உள்ளே வேறு சரக்கு இருக்கக் கூடாது என்று பேச்சு.
கெம்பம்மா எங்கள் திராட்சைக் கலரைக்
கீழ்த்தட்டில் படுக்கப் போட்டு
மேலே கீரைக்கட்டு வைத்து மூடியிருக்கிறாள்.
டை கட்டிய பையன் கீரையை விலக்கிப் பார்த்தான்.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.
"போகட்டும், ரொம்ப கரண்ட் குடிச்சுது."
அந்தச் செவ்வாயும் இருபத்துமூன்றுதான் வந்தது.

நாற்பத்துநாலில் நோட்டு நின்றது.
எனக்குக் கல்யாணம். அப்பாவுக்குச் சர்க்கரை.
மெஷினை அரூரில் யாரோ எடுத்துக்கொண்டார்கள்.
காலி வசூலிக்க எவரும் போகவில்லை.

போன தையில் ஒரு துக்கத்துக்காக மாரண்டஅள்ளி போயிருந்தேன்.
பஸ்ஸுக்கு நேரமிருந்தது.
கெம்பம்மா கடை இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ்.
கை கழுவப் பின்பக்கம் போனால்
ஒரு கனகாம்பரப் பாத்தி,
அதைச் சுற்றிக்
கழுத்து மண்ணுக்குள் போக
அடி வானத்தைப் பார்க்க
நெருக்கமாக, வரிசை பிசகாமல்
பச்சைப் பாட்டில்கள்.
ஒன்றை லேசாக ஆட்டினேன்.
உள்ளே கோலி புரண்டது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டிருந்தால்
நாங்கள் கொடுத்திருக்க மாட்டோம்.
வாரத்துக்கு ஒரு குழி,
வாரத்துக்கு ஒரு பாட்டில்.

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு எண்ணினேன்.
"என்னம்மா தேடறீங்க?" என்றான் ரீசார்ஜ் பையன்.
நாற்பத்துமூன்று.
மறுபக்கத்திலிருந்து எண்ணினேன்.
நாற்பத்துமூன்று.

ஒன்று உடைந்திருக்கலாம்.
இல்லை, நான்தான் தப்பாக ஏற்றியிருப்பேன்.
அந்தக் கடைசிச் செவ்வாய்
பெண் பார்க்க வந்தவர்களுக்கு
ஆறு டம்ளரில் ஆரஞ்சுக் கலர் ஊற்றிவிட்டு
ஈரக் கையோடு நோட்டைத் திறந்தேன்.
எந்த மை தொட்டேன்,
நினைவில்லை.