நான் விழுங்கும் வரி

பெரம்பூர் கூட்டுறவுச் சங்கத்தில்
கடன் பிரிவு எழுத்தர் நான்.
அசல், வட்டி, அபராத வட்டி,
வராக்கடனுக்குச் சிவப்பில் தனிப்பக்கம்.
கடன் என்ற சொல்லை
நாளைக்கு நூறு முறையாவது எழுதுகிறேன்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும்
அது தொண்டையில் முள்ளாக நிற்கும்.

எல்லோரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்தில்
அப்பம் கேட்கும் இடம் வரை நானும் உண்டு.
அடுத்த வரிக்கு வாயை மூடிக்கொள்வேன்.
மூன்று வருஷமாக, ஒரு மூச்சளவு மௌனம்.
பக்கத்தில் நிற்கும் ரூபி அக்கா
இருமலை அடக்குகிறேன் என்று நினைத்து
விக்ஸ் மிட்டாய் நீட்டுவாள்.

தமிழில் அந்த வரி பொல்லாதது.
மன்னிப்பைக் கேட்கும் முன்பே
கொடுத்துவிட்டதாகச் சொல்ல வைக்கும்.
இங்கிலீஷ் ஆராதனைக்குப் போய்ப் பார்த்தேன்.
அங்கே முதலில் கேட்டுவிட்டு நழுவலாம்.
கேட்டேன், நழுவினேன்.
சொல்லாத பாதி
வீடு வரை என்னோடு நடந்து வந்தது.

எட்வின், என் தம்பி.
வியாசர்பாடி சுரங்கப்பாதை தாண்டி
தண்ணீர் லாரி.
காலையில் அதே லாரியில்தான்
ஏழு குடம் பிடித்தேன்.
சாயங்காலம் அதன் வால்வு உடைந்து
அவனைக் கழுவிக்கொண்டு தார்ச்சாலையில் ஓடியது தண்ணீர்.
வீணாகிறதே என்று
ஒருத்தி குடத்தோடு ஓடி வந்தாள்.
அவளை மன்னித்துவிட்டேன்.
மே மாதம் அது.

ஓட்டியவன் பாக்கியநாதன்.
தண்டனை முடிந்து
எங்கள் கோயிலுக்கே வந்தான்.
குடைகள் சாத்தும் மூலையில், கடைசி பெஞ்சில்,
பாதி உடம்பு உட்கார்ந்தும்
பாதி எழுந்து ஓடத் தயாராகவும்.

ஆண்டவரோடு சண்டை போட்டேன்.
பாத்திரம் தேய்க்கையில், 29சி பேருந்தில்,
நிறுத்தம் தவறும் அளவுக்கு.
அயனாவரத்தில் கோயில் இல்லையா?
புரசைவாக்கத்தில் இல்லையா?
இந்தக் கதவுதான் கிடைத்ததா உமக்கு?
பதில் இல்லை.
அந்தச் சண்டைக்கும்
அவர் முன்னால்தான் போய் நிற்க வேண்டியிருந்தது.

திருவிருந்து ஞாயிறு.
ஆண்கள் வரிசை தெற்கே தொடங்கும்,
பெண்கள் வரிசை வடக்கே.
கிராதியின் நடுவில் இரண்டும் முடியும்.
அன்று அங்கே கடைசி ஆண் அவன்.
கடைசிப் பெண் நான்.
ஒரு முழம் இடைவெளி.

கிண்ணம் அவன் பல்லில் மோதிய சத்தம் கேட்டது.
கை நடுக்கம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது.
ஐயர் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து
கொஞ்சம் திருப்பி
என்னிடம் நீட்டினார்.

முழங்கால் ஏற்கெனவே மடங்கியிருந்தது.
மனசு பின்னால் பெஞ்சிலேயே
கைகட்டி உட்கார்ந்திருந்தது.
குடித்தேன்.
புளிப்பு, அடியில் கொஞ்சம் இரும்பு.

ஒளி எதுவும் இறங்கவில்லை.
மேலே மின்விசிறி கிரீச்சிட்டது.
திரும்பி வந்து நின்றேன்,
ஜெபம் தொடங்கியது,
என் வரியும் வந்தது.
வழக்கம்போல் வாயை மூடினேன்.
அன்றுதான் காதில் விழுந்தது:
நான் விட்ட இடத்தில்
ஓட்டையே இல்லை.
இருநூறு தொண்டை, கரகரப்பும் அபசுரமுமாக,
என் பங்கையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது.
இத்தனை வருஷமும்
கையெழுத்து வாங்காமல், ஜாமீன் கேட்காமல்
எனக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள்.

வரியின் முதல் சொல்லை மட்டும் சொன்னேன்.
எங்கள்.
அதற்குள் கடைசி பெஞ்சும் வந்துவிடும் என்று
சொன்ன பிறகுதான் உறைத்தது.
மீதியைத் தவணையில்தான் கட்ட வேண்டும்.
எத்தனை ஞாயிறு ஆகுமோ,
என் கணக்குப் புத்தகத்தில் அதற்குப் பத்தி இல்லை.

வெளியே தூறல்.
வாசலில் ஒரு தண்ணீர் லாரி
நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது.
படியில் நானும்
குடை விரித்துக்கொண்டிருந்த அவரும்
ஒரே நொடியில்
திடுக்கிட்டு நின்றோம்.