உதடு மூடும் இடம்

அந்தேரியில், மரோல் நாக்காவுக்குப் பின்னால்,
ஜெராக்ஸ் கடையின் மாடியில் எங்கள் டப்பிங் கூடம்.
ஜூலை மாதம். கூரை ஒழுகும் இடத்தில்
பெயின்ட் வாளி ஒன்று.
சொட்டுச் சத்தம் மைக்கில் ஏறாதிருக்க
வாளிக்குள் ஒரு பழைய துண்டு,
போன வியாழக்கிழமையிலிருந்து.

என் வேலை
அந்நிய வாய்களுக்குள் தமிழ் வைப்பது.
உதடு மூடும் இடத்தில் ப வர வேண்டும், இல்லையென்றால் ம.
வாய் பிளந்து நின்றால் 'ஆ'வில் முடிய வேண்டும்.
அர்த்தம் மூன்றாவது கவலை.

இந்த மாதம் இரண்டு படம்.

ஒன்றில் ஒரு லாரி, ஓர் அண்ணன்,
விடிவதற்குள் தாண்ட வேண்டிய பாலம்.
அவ்வளவுதான்.
அண்ணன் மொத்தமே நாற்பது சொல்தான் பேசுகிறான்.
"குனி." "ஓடு." "அவளை விடு."
நாற்பதுக்கும் எனக்கு நான்கு நாள் பிடித்தது.
குளோசப்பில் பொய் சொல்ல முடியாது.
"விடு" என்றால் வாய் திறந்தே நிற்கும்,
அவன் வாயோ மூடி முடிகிறது.
"அவ பாவம்" என்று மாற்றினேன்.
ஒரே சொல்லில்
முரடன் நல்லவனாகிவிட்டான்.

மற்றது மூன்று மணி நேரம்.
முதல் சத்தம் எங்கே பிறந்தது என்று
தேடிப் போகிறது ஒரு கப்பல்.
நூற்றிருபது வருஷப் பயணம், ஆறு பேர்,
துணைக்கு ஒரு பூனைகூட இல்லை.
எல்லோர் தலையிலும் கவசம். கண்ணாடியில் நட்சத்திரம் மின்னும்,
உதடு தெரியாது.
எதை எழுதினாலும் பொருந்தும்!
எழுதித் தள்ளினேன்:
காலத்தின் மடிப்பு, வெறுமையின் விளிம்பு,
காலையில் எழுந்ததும் எந்தத் தமிழரும் சொல்லாத
சொற்கள் எல்லாம்.
மூன்றாம் நாள் வாசித்துப் பார்த்தால்
ஒருவரும் ஒருவரிடமும் பேசவில்லை.
ஆறு பேரும் இருட்டிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனாலும் ஓர் இடம் உண்டு.
கப்பலின் பொறியாளர், அறுபது வயதுக்காரி,
காதுக் கருவியைக் கழற்றி
மேசைமேல் வைக்கிறாள்.
உருளாமல் இருக்க ஒரு ஸ்பூனை அண்டக்கொடுக்கிறாள்.
வசனம் இல்லை. எனக்கு அங்கே வேலையே இல்லை.
நான்கு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன்.
லாரி அந்த மேசைக்கு வராது.
அதன் பாதையில் மேசையே கிடையாது.

இசக்கிராஜ் தாராவியிலிருந்து வருவார்.
பதினெட்டு வருஷமாகச் சாகிற குரல்.
லாரிப் படத்தில் பதினோரு சாவு:
படியில் உருண்டு, டயரடியில்,
ஒரு தடவை டீ குடித்துக்கொண்டே.
சாவுக்கு இவ்வளவு என்று கணக்கு.
இரண்டையும் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"அதுல நான் எதுக்குச் சாகுறேன்னு தெரியுது, அக்கா.
இதுல எல்லாரும் உசுரோட இருக்கான்.
எதுக்குன்னுதான் புரியல."

கப்பல் படத்தின் கடைசி ஏழு நிமிடம்
பேச்சே இல்லை. கவசத்துக்குள் ஒருவனின் மூச்சு மட்டும்.
அந்தத் திங்களன்று குர்லாவில் தண்டவாளம் மூழ்கியது.
இசக்கிராஜ் சயானில் மாட்டிக்கொண்டார்.
அன்றிரவே அனுப்பியாக வேண்டும்.

துஷார் காம்ப்ளே, எங்கள் ஒலிப்பதிவாளன்,
லாரிப் படத்தைத் திறந்தான்.
பாலத்தில் ஓடிய நான்காவது அடியாளின் இரைப்பை
வெட்டி எடுத்தான். வேகத்தைப் பாதியாக்கினான்.
ஆழம் கொஞ்சம் கூட்டினான்.
சாகப் போகிறவன் ஓடிய மூச்சு
விண்வெளியில் மிதந்தது.

சென்னையிலிருந்து போன்:
"மூச்சு பிரமாதம் மேடம்.
பிரபஞ்சமே சுவாசிக்கிற மாதிரி."
நன்றி என்றேன்.

ஐந்தாவது நிமிடத்தில், காது வைத்துக் கேட்டால்,
ஒரு சொட்டு.
வாளியில் துண்டு போடுவதற்கு முந்தைய
எங்கள் கூரையின் தண்ணீர்.
கப்பல் நூற்றிருபது வருஷம் தேடியதற்கு
அதுதான் பதில் போல் இருந்தது.
எடுத்துடவா என்றான் துஷார்.
விடு என்றேன்.

பில்லில் இசக்கிராஜ் பெயருக்கு நேரே
சாவு பதினொன்று என்றிருந்ததன் கீழே
மூச்சு, ஏழு நிமிடம், என்று சேர்த்தேன்.
அதற்கு ரேட் என்ன என்று
இன்னும் யாரும் கேட்கவில்லை.