குறிப்பு என்றொரு கட்டம்

மாலை ஆறு மணிக்கு
கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு
லேபா வீட்டு மூங்கில் தரையில் உட்காருகிறேன்.
இதுதான் என் வேலை:
கடிக்க வரும் கொசுவுக்குக்
காலைக் காட்டிக்கொண்டிருப்பது,
வந்து அமர்ந்ததும், ஊசி இறங்குமுன்,
குழாயால் உறிஞ்சிக் கோப்பைக்குள் ஊதுவது.
மணிக்கொரு கோப்பை.
விடியும்வரை பன்னிரண்டு.

"உன் காலுக்குத்தானே சம்பளம்,
மீதி ஆளை வீட்டில் விட்டுப் போ"
என்பாள் என் மனைவி டிலா.

தரைக்குக் கீழே எருமைகள்.
மூங்கில் இடுக்கு வழியே அவற்றின் மூச்சு
தொடையில் வந்து படும்.
நடுவே அடுப்பு. புகை
உயர்ந்த கூரைக்குள் வழி தேடிப் போகும்.
சுவரில் ஒரு தாள் தொங்குகிறது,
துண்டு அகலம், மணமில்லை, நிறமில்லை.
அது எதையும் கொல்வதில்லை.
காற்றில் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைந்து
கொசுவுக்கு வழி மறக்கச் செய்யும்.
செய்யும், அதில் மருந்து இருந்தால்.

பாதி வீடுகளுக்கு மருந்துத் தாள்,
பாதிக்கு வெறும் தாள்.
எது எதுவென்று எனக்குத் தெரியாது.
குபாங்கிலிருந்து படகேறி வரும் டோர்கஸுக்கும் தெரியாது.
சும்பாத் தீவிலேயே யாருக்கும் தெரியாது.
கடல் தாண்டி ஏதோ ஓர் அலமாரியில்
ஒட்டிய உறைக்குள் இருக்கிறது அந்தப் பட்டியல்.
தெரிந்துவிட்டால்
கண் பார்த்ததை விட்டு
மனம் நினைத்ததை எண்ணுவோமாம்.

லேபா முதல் நாளே கேட்டாள்,
வெற்றிலைக் காயைச் சுண்ணாம்பில் தொட்டபடி:
"எங்களுடையது நிஜமா, பொய்யா?"
"சொல்ல முடியாது."
"முடியாதா, தெரியாதா?"
"தெரியாது."
"அப்போ சரி" என்று சிரித்தாள்,
பல்லெல்லாம் சிவப்பு.

இரண்டாம் மாதம் வேறொன்று கேட்டாள்.
"கொல்லாது என்றால்,
இங்கே நுழையாத கொசு
எங்கே போகும்?"

டோர்கஸின் பயிற்சியில் இதற்கு ஒரு படம் இருந்தது:
இரண்டு சதுரம், நடுவே ஓர் அம்பு,
அம்பின் தலையில் ஒரு கேள்விக்குறி.
லேபாவின் படத்தில்
இரண்டாம் சதுரம் அவள் தங்கை வீடு.
ஆய்வில் சேராத வீடு.
அங்கே நான்கு வயது ரெஹி
மூன்று நாளாய் நடுங்கிக்கொண்டிருந்தான்.

மறுவாரம் நான் போனபோது
சுவரில் அரைத் தாள்.
வெட்டுக்கத்தியால் அறுத்த விளிம்பு,
கொஞ்சம் கோணல்.
மறுபாதி முற்றத்துக்கு அப்பால்
ரெஹி படுக்கும் பாய்க்கு மேலே.

திட்டத்தான் வாய் திறந்தேன்.
"காப்பி கொதிக்கிறது, இரு" என்றாள்.

படிவத்தில் எல்லாவற்றுக்கும் ஓர் எண் உண்டு.
வெப்பம், ஈரம், மழை,
எத்தனை பேர் தூங்கினார்கள், எத்தனை எருமை.
இதற்கு எண் இல்லை.
கடைசியில், கட்டைவிரல் அகலத்தில்,
'குறிப்பு' என்றொரு கட்டம்.
"தாள் சேதம்" என்று எழுதினேன்.
அடித்தேன்.
"தாள் பங்கிடப்பட்டது" என்று எழுதினேன்.
டோர்கஸ் இந்த வீட்டைக் கணக்கிலிருந்து எடுக்கலாம்,
எடுக்காமலும் விடலாம். அது அவள் பாடு.

ஒன்றுதான் உறுத்துகிறது.
அது வெறும் தாளாக இருந்தால்,
பாதியாய் அறுத்துக் கொடுத்தாளே,
எதைக் கொடுத்தாள்?
மருந்துத் தாள்தான் என்றால்
அரைத் தாள் அந்த வீட்டுக்குப் போதுமா,
இல்லை, இரண்டு வீட்டுக்குமே போதாமல் போனதா?

இன்றிரவு என் முறை வெளியே.
இரண்டு வீட்டுக்கும் நடுவில்
பலா மரத்தடியில் முக்காலி.
ரெஹி மாத்திரைகளை முடித்துவிட்டான்,
சோளக்கஞ்சி வயிற்றில் தங்கியதாம்.

பதினொன்றிலிருந்து பன்னிரண்டு: இரண்டு.
பன்னிரண்டிலிருந்து ஒன்று: இரண்டு.
ஒன்றிலிருந்து இரண்டு: ஒன்பது.

எந்த வாசலிலிருந்து திரும்பி வந்தவை இவை என்று
கேட்க ஒரு கட்டமும் இல்லை.

லேபா வீட்டுக்கு அடியில்
எருமை ஒன்று புரண்டு படுக்கிறது.
உள்ளே யாரோ இருமுகிறார்கள்.
பத்தாவது
என் இடது கணுக்காலில் இறங்குகிறது.
விளக்கைத் திருப்புகிறேன்,
குழாயை வைத்து
மூச்சை உள்ளே இழுக்கிறேன்.