1806-இல் ஒரு பிளாஸ்திரி

வேலூர்க் கோட்டைக்குள் பத்து நாள் படப்பிடிப்பு.
காலத்துக்குப் பொருந்தாததைக் கண்டுபிடித்து
நோட்டில் எழுதுவது என் வேலை.
நாளுக்கு எண்ணூறு, மதியம் சாப்பாடு.

தொல்லியல் துறையின் நீலப் பலகையைச்
சாக்குத் தட்டி கட்டி மறைத்தோம்.
மதிலுக்கு மேலே தலைநீட்டும் செல்போன் கோபுரத்தைக்
கம்ப்யூட்டரில் அழித்துக்கொள்ளலாம் என்றார்கள்.
அகழியில் மிதந்த பிஸ்கட் உறையை
ஒரு பையன் தூண்டில் போட்டு எடுத்தான்.

சாயங்காலம் ஜலகண்டேசுவரர் மணி அடித்தது.
நல்லா இருக்கே, வச்சிக்கலாம் என்றார் ஒலிப்பதிவுக்காரர்.
வேண்டாம் சார், அந்த வருஷம் உள்ளே சாமி இல்லை.
சத்துவாச்சாரிப் பக்கம் இருந்தாராம்,
எண்பத்தொன்றில்தான் திரும்பி வந்தார்.
அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக்
கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்,
ஆள் ஊரில் இல்லாத வீட்டைப் பார்ப்பதுபோல.

சிப்பாய்கள் எல்லாம் மேல்விஷாரம், பேரணாம்பட்டு ஆட்கள்.
விடியலுக்கு முன் வெற்றுடம்போடு தூங்கும் காட்சி.
நாற்பது தோளிலும் ஊசித் தழும்பு.
ஒவ்வொன்றின் மேலும் மெழுகு தடவினோம்.
அந்த ஊசியால்தான் நாற்பது பேரும்
இங்கே வந்து படுத்திருக்கிறார்கள்.

தஸ்தகீரிடம் தாடியை எடுக்கச் சொன்னார் மேக்கப்மேன்.
அவர் தாடையைத் தடவிக்கொண்டே,
அன்னிக்கும் வெள்ளைக்காரன் இதைத்தானப்பா சொன்னான்,
அதுக்குத்தானே துப்பாக்கிய எடுத்தாங்க என்றார்.
தாடி தப்பியது.
தொப்பியில் செருகிய தோல் பூவைத்
திருப்பிப் பார்த்து, மோந்து பார்த்து,
இது எங்க ஷெட்டு குரோம் தோலு என்றார்.
குரோம் பதனிடுவது அப்போது கிடையாது.
எழுதிக்கொண்டேன்.

ஏழாம் நாள், பிணக் குவியல்.
அவர் இடுப்பில் போன் அதிர்ந்தது.
அசையவில்லை. நல்ல பிணம்.
கட் சொன்னதும் எழுந்து பேசினார்.
பி நெகட்டிவ். ஆஸ்பத்திரியில் யாரோ,
சித்தூரிலிருந்து வந்த பிரசவக் கேஸ்.
உடுப்பு மாற்ற நேரமில்லை.
வாடகை உடுப்பு,
ஆகவே காவலுக்கு நானும், ஷேர் ஆட்டோவில்.

ஆற்காடு ரோட்டில் வங்காளத்து ஆட்கள்
எக்ஸ்ரே கவரோடு நடக்கிற நெரிசலில்
ஒரு சிவப்புக் கோட்டை யாரும்
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
ரத்த வங்கி நர்ஸ்தான்
அவர் மார்பைப் பார்த்துப் பதறினாள்.
சாயம்மா என்றார். நிஜம் உள்ள இருக்கு.

படிவத்தில் மாவட்டம் என்று ஒரு கட்டம்.
வடஆற்காடு என்று எழுதினார்.
அப்படி ஒரு மாவட்டமே இல்லீங்களே.
அடித்துவிட்டு வேலூர் என்று எழுதினார்.
யோசித்து அதையும் அடித்துவிட்டு ராணிப்பேட்டை.
அவர் வீடு மட்டும்
அதே பள்ளிவாசல் தெருவில் அதே இடத்தில் இருந்தது.
என் பிறப்புச் சான்றிதழிலும் அந்தப் பழைய பெயர்தான்.
நான் வாய் திறக்கவில்லை.

நிரம்பிய பையின் மேல் இரண்டு தேதி:
எடுத்த நாள், காலாவதியாகும் நாள்.
வெதுவெதுப்பாக இருந்த பையை
ஒரு ஆள் டிரேயில் வைத்து ஓடினான்.
எங்களுக்கு மாம்பழ ஜூஸ் கொடுத்தார்கள்,
கோட்டில் சிந்தாமல் குடிங்க என்றேன்.

மறுநாள் குளோசப். வெற்று உடம்பு.
தலைக்கு அணைவாகக் கையை மடித்து
அவர் படுத்திருந்தார்.
முழங்கை மடிப்பில் பஞ்சும்
அதன்மேல் வெள்ளைப் பிளாஸ்திரியும்.
பிய்க்க மறந்திருந்தார்.
டைரக்டர் மானிட்டரில் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் பேனா மூடியைத் திறந்தேன்.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது,
அந்த வருஷம் ஊரில் இல்லாத சாமிக்கு.
ஒலிப்பதிவுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அதை மட்டும் எழுதிக்கொண்டேன்.