தன்னார்வலர் தேவை

எர்ணாவூர் ரயில்வே கேட் தூணில்
நான்தான் ஒட்டினேன் அந்த நோட்டீஸை,
மூலம் பௌத்திரம் டாக்டருக்கும்
கறவை மாட்டுக் கடனுக்கும் நடுவில்.
பல்கலைக்கழகம். சுவாச ஆய்வு.
முப்பது முதல் அறுபது வயது,
பத்து ஆண்டுக்கு மேல் இங்கேயே குடியிருப்பவர்.
பங்கேற்பு முற்றிலும் உங்கள் விருப்பம்.

எனக்கு நாளைக்கு நானூற்றைம்பது.
சந்து பொந்து தெரிந்த பெண் என்று எடுத்தார்கள்.
பி.காம். முடித்ததை யாரும் கேட்கவில்லை.

"ரத்தம் எடுப்பியா?"
"இல்லண்ணே, குழாய்ல ஊதணும், அவ்ளோதான்."
"நைட்டு போலீஸ்காரன் ஊதச் சொல்றானே, அந்த மாதிரியா?"
அதற்குப் பிறகு
ஒரு வாரம் ஆம்பளைகள் வரவே இல்லை.

எவர்சில்வர் டப்பா உண்டு என்று சொல்லிப் பார்த்தோம்.
வந்தார்கள்.

ஒப்புதல் படிவம் நான்கு பக்கம்.
தாங்கள் எந்நேரத்திலும், எக்காரணமும் கூறாமல்,
இவ்வாய்விலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று
மூச்சு விடாமல் படித்தேன்.
மோட்சமேரி அக்கா கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டாள்:
"வெலகி எங்க போறது, மணலிக்கா?"

கேள்வி இருபத்திரண்டு.
கடந்த நான்கு வாரங்களில்
எத்தனை நாள் மனச்சோர்வாக உணர்ந்தீர்கள்?
"சோறு தெரியும். இது இன்னா சோர்வு?"
மனசு ஒரு மாதிரி, எதிலயும் ஒட்டாம, என்று
கையை ஆட்டிக் காட்டினேன்.
"எந்த நாலு வாரம்?
எங்க வூட்டுக்காரரு போனாரே, அதுவா?
ஆத்துல எண்ண வந்து வலை நாறிச்சே, அதுவா?"
போன மாசம்க்கா.
"போன மாசம் இன்னா, நல்லாத்தான் இருந்தேன்.
நண்டு கெடச்சுது."
ஒருபோதும் இல்லை என்ற கட்டத்தில்
டிக் அடித்தேன். பேனா எழுதவில்லை.
உதறி, மறுபடி அடித்தேன்.

கஜபதி அண்ணன் மூன்றாவது தெருவிலிருந்து
இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தவர்.
ஆறு மாதத்துக்குள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால்
சேர்க்க முடியாதாம். பாதுகாப்பு விதி,
நிரூபமா மேடம் பொறுமையாகத்தான் சொன்னார்.
"அப்ப யாருக்கும்மா பாக்குறீங்க?"
இருமல் அடங்கக் காத்திருந்து
"டப்பாவாவது குடுங்களேன்" என்றார்.
டப்பாவுக்குக் கணக்கு இருந்தது.

தேவாசீர்வாதம் சாவு பேண்டில் டிரம்பெட்.
இந்த ஏரியாவில் செத்தவர்களுக்கெல்லாம்
கடைசி மூச்சு அவருடையதுதான்.
மற்றவர்களிடம் நான் தொண்டை கிழியக் கத்துவேன்,
ஊதுங்க, இன்னும், இன்னும், இன்னும், விடாதீங்க.
அவரிடம் வாய் திறக்க வேலையில்லை.
ஆறு வினாடி போதும். அவர் நிறுத்தவில்லை.
மூக்கில் கிளிப்போடு, கண்ணை மூடிக்கொண்டு,
விரல்கள் மூன்றும் காற்றில் அமுக்கி அமுக்கி.
திரையில் கோடு கூரையை இடித்தது.
"அவுட்லையர். தனியா எடுத்து வெச்சிடுங்க."
வெளியே வந்து கேட்டார்:
"பாஸா?"
பாஸ்தான், என்றேன்.

ஆய்வு ஊழியர்கள் பங்கேற்கத் தகுதியற்றவர்கள்.
ஆனால் மெஷினைத் தினமும் சரிபார்க்க வேண்டும்.
கடைசி நாள், மேடம் வருவதற்கு முன்,
சமுதாயக் கூடத்தில் நாற்காலிகள் மட்டும்.
பெயர்: சோதனை. வயது முப்பத்தொன்று.
உயரம் நூற்று ஐம்பத்திரண்டு.
குடியிருப்பு எத்தனை ஆண்டு என்றதற்கும்
முப்பத்தொன்று.
புது அட்டைக் குழாயைப் பிரித்தேன்.
வெளியே கன்டெய்னர் லாரிகள்
ஒன்றன் பின் ஒன்றாக நின்று உறுமின.
இன்னும் இன்னும் என்று கத்த ஆளில்லை.
நானே மனசுக்குள் கத்திக்கொண்டேன்,
நாலாவது வினாடியில் அந்தக் குரலும் நின்றது.

எண் வந்தது.
பார்த்தேன்.
எவ்வளவு என்கிறீர்களா?
படிவத்தில் மூன்றாம் பக்கம், கீழே, பாருங்கள்:
பங்கேற்பாளர் விவரங்கள்
ரகசியமாகக் காக்கப்படும்.