மூன்றாவது அட்டை

வண்ணார்பேட்டையில் டயர் ரீட்ரேடிங் கடைக்கு மேல்மாடி.
ரப்பர் வேகும் வாடையில் உட்கார்ந்து
ரப்பர் வளையம் விற்கிறோம்.
குக்கர் கேஸ்கெட், மிக்சி ஜார் வாஷர், பிளேடு,
மூடிப்போன கம்பெனிகளின் மூடிக் குமிழ்.
எந்த ஊர் அடுப்படியில் எது தேய்ந்தாலும்
எங்கள் தளத்தில் அதற்கொரு எண் உண்டு.

பதினோராயிரம் பொருள்.
ஒரே ஒரு சர்வர்.

ஆடித் தள்ளுபடி அன்று அது விழுந்தது.
பிளேடு படங்களைச் சுருக்கிக்கொண்டிருந்த நிரல்
நினைவகத்தைத் தின்று தீர்க்க,
யாரையாவது கொன்றாக வேண்டியிருந்தது இயங்குதளத்துக்கு.
இருப்பதில் கொழுத்தவரைத் தேடி
டேட்டாபேஸைக் கொன்றது.
இரவு ஒன்று பத்திலிருந்து ஒன்று முப்பத்தாறு வரை
நாற்பத்து மூன்று பேர் பணம் கட்டினார்கள்,
எழுதிக்கொள்ள ஆளில்லாத கடையில்.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஒரு குரல் மறுநாள்:
"இருநூத்திப் பத்து ரூவா. உங்களுக்குப் பெரிசில்ல."
வைத்துவிட்டது.

அட்டைப்பெட்டிகளைப் பிரித்து
உள்புறம் மார்க்கரால் வரைந்தேன்.
முதல் அட்டையில் இப்போது இருப்பது:
முகப்பும் கணக்கும் சரக்கேடும்
ஒற்றை அறையில் மூன்று குடித்தனம்,
ஒருவருக்குக் காய்ச்சலென்றால் மூவருக்கும் கஞ்சி.
இரண்டாவதில் டேட்டாபேஸ் தனிக்குடித்தனம்,
தெருப்பக்கம் வாசலே கிடையாது.
மூன்றாவதுதான் என் ஆசை.
முன்னால் முகப்பு, நடுவில் கணக்கு, ஆழத்தில் சரக்கேடு.
மூன்று கட்டம், ஆறு அம்பு.
மாதம் பத்தொன்பதாயிரம்.

மைதீன் பிச்சை முதலாளி மூன்றாவதைத் தூக்கிப் பார்த்தார்.
"நம்ம ஆறு மாதிரில்லா இருக்கு.
சுத்தமல்லியில ஒரு அணை, மருதூர்ல ஒண்ணு,
தண்ணி நின்னு நின்னு வருது."
நானே சொல்ல வைத்திருந்த உவமை.
தலையாட்டினேன்.

பார்சல் டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டே
ஆவுடைச்செல்வி சொன்னாள்:
"ஆறு ஸ்ரீவைகுண்டம் போயிட்டு
பாபநாசத்துக்குப் பதில் சொல்ல வராது.
இங்க ஒருத்தன் பட்டனை அமுக்கிட்டு நிக்கான்.
போன வழியே திரும்பி வந்து சொல்லணும்,
இருக்குன்னோ இல்லைன்னோ."
ஒவ்வொரு கோட்டையும் விரலால் இரண்டு முறை தொட்டாள்.
பிறகு கேட்டாள்:
"ஒரு பக்கம் திறக்க எத்தன தடவ போய்ட்டு வருது?"

எண்ணிப் பார்த்தேன்.
அறுபத்தேழு.
ஒரு வளையத்தின் விலையைச் சொல்ல அறுபத்தேழு கேள்வி.
ஒரே அறையில் இருந்தவரை
யார் காதிலும் விழாத தொணதொணப்பு அது.
சுவர் எழுப்பினால் ஒவ்வொன்றும் நடந்து போகும்.
எழுதியவன் நான்தான்.
எந்த அட்டையிலும் அதை நான் வரையவில்லை.

ஒரு வாரம்.
ஒன்பதாகக் குறைத்தேன்.
எட்டாக்க முடியும். புரட்டாசி நெருங்கிவிட்டது.

"ரெண்டு போதும்வே," என்றார் முதலாளி,
"மூணாவதுக்கு இடம் விட்டு வரையும்."
இரண்டாவது அட்டையில் புள்ளிகளால் ஒரு கட்டம்.
உள்முகவரி ஒன்றையும் ஒதுக்கி வைத்தேன்.
அதில் யாரும் குடியில்லை.

மாற்றிய இரவு மின்சாரம் இரண்டு முறை போனது.
எங்களுக்குத்தான். சர்வர்கள் எங்கோ குளிரில் இருந்தன.
விடியும் முன் முதல் ஆர்டரை
ஆவுடைச்செல்வி போட்டாள், தன் செல்போனிலிருந்து:
ஐந்து லிட்டர், உள்மூடி வளையம், விக்கிரமசிங்கபுரம்.
கேள்வி சுவர் தாண்டிப் போனது.
கொஞ்சம் தாமதம், கண் இமைக்கும் அளவுக்குக்கூட இல்லை,
நான் மட்டும் உணர்ந்தேன்.
இருக்கு என்று வந்தது.

பெட்டி தீர்ந்திருந்தது.
மூன்றாவது அட்டையை எடுத்து வெட்டி, மடித்து, ஒட்டி,
வளையத்தை உள்ளே வைத்து விலாசம் எழுதினாள்.
தடுக்க வாயெடுத்தேன்.
கூரியர் பையன் கீழே ஹாரன் அடித்தான்.

பிரித்தால் உள்ளே மூன்று கட்டமும் ஆறு அம்பும் தெரியும்.
அது என்னவென்று
அந்த அம்மா இன்னும் போன் பண்ணவில்லை.